கொங்கு மண்ணில் அமில மண் செடிகளுக்குப் பாத்தி அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமில மண் செடிகள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

மண்ணின் பி.எச். அளவு 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். 4.5 முதல் 6 வரையுள்ள மண்ணில் மட்டுமே நன்றாகத் தழைக்கும் செடிகளை அமில மண் செடிகள் என்கிறோம். ஹெதர், அசேலியா, ரோடோடென்ட்ரான், கமேலியா, புளூபெர்ரி, தேயிலை ஆகியவை இதில் கண்டிப்பானவை. ஹைட்ரேஞ்சியா, கார்டீனியா, இட்லிப்பூ, பெரணி வகைகள் ஆகியவை சற்றே தாராளமானவை, 6.5 வரை பொறுத்துக்கொள்ளும்.

இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும். 8 உள்ள மண்ணுக்கும் 5 உள்ள மண்ணுக்கும் இடையே இருப்பது மூன்று புள்ளி வித்தியாசம் அல்ல, ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

படங்களில் பார்க்கும் ஹெதர் கோவையிலோ ஈரோட்டிலோ வளருமா?

வளராது. ஹெதர் எனப்படும் கல்லூனா வடமேற்கு ஐரோப்பாவின் குளிர்ந்த, ஈரமான தரிசு மேடுகளில் இயற்கையாக வளர்வது. அதன் உறவான எரிகா இனத்தில் பெரும்பாலான வகைகள் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு உரியவை. எரிகாவில் சில வகைகள் சுண்ணாம்பு மண்ணையும் சமாளிக்கும் என்று படித்துவிட்டுச் சிலர் நம்பிக்கை கொள்கிறார்கள். சுண்ணாம்பைச் சமாளிக்கும் அந்த வகைகளால் நம் சித்திரை வெயிலையும், சூடு தணியாத இரவுகளையும் சமாளிக்க முடியாது. மண்ணை மாற்றலாம், தண்ணீரை மாற்றலாம். இரவு வெப்பத்தை மாற்ற வழியில்லை. ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் ஹெதரை மறந்துவிட்டு, அதே மண் குணத்தை விரும்புகிற, ஆனால் வெப்பத்தைத் தாங்குகிற செடிகளைக் கொண்டு பாத்தியைத் திட்டமிடுவதே அறிவுடைமை. மலையில் இருப்பவர்களுக்கான விடை பின்னால் தனியாக உள்ளது.

ஆனால் எங்கள் ஊர் நர்சரியிலேயே ஹெதர் விற்கிறார்களே?

அது 'மெக்சிகன் ஹெதர்' என்று விற்கப்படும் கூஃபியா. சிறு இலையும் ஊதாப் பூவுமாகப் பார்வைக்கு ஹெதர் போலத் தோன்றினாலும், மருதாணி சேர்ந்த தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது; அமில மண்ணை வற்புறுத்தாது, வெயிலுக்கும் அஞ்சாது. பாத்தியின் முன் வரிசையில் ஹெதரின் தோற்றம் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் இதை வைக்கலாம்.

எங்கள் வீட்டு மண் இதற்குப் பொருந்துமா என்று எப்படி அறிவது?

பெரும்பாலும் பொருந்தாது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களின் கரிசலிலும், செம்மண்ணின் அடியிலும் சுக்கான் கல் எனப்படும் சுண்ணாம்புக் கட்டி கலந்திருப்பது சாதாரணம். மதுக்கரையில் சிமெண்ட் ஆலை அமைந்ததே அங்குள்ள சுண்ணாம்புப் பாறையை நம்பித்தான். பி.எச். 7.5 முதல் 8.5 வரை காட்டும் தோட்டங்களே இங்கு மிகுதி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பாத்தி அமைக்க எண்ணும் இடத்தில் ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு தேக்கரண்டி அளவு பரப்புங்கள். அதன்மேல் சமையல் வினிகரைச் சில துளிகள் விட்டு, காதருகே கொண்டுவந்து கேளுங்கள். மெல்லிய சீறல் ஒலியோடு சிறு குமிழிகள் எழுந்தால் மண்ணில் சுண்ணாம்பு தனியாகவே இருக்கிறது என்று பொருள். வெள்ளைப் பருக்கைகளின் மேல் குமிழிகள் திரண்டு எழுந்தால், அந்த மண்ணை இந்த நோக்கத்துக்குக் கைவிடுவதே நல்லது.

அதன் பிறகு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பது முறை. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், மாவட்டங்களில் வேளாண்மைத் துறையின் ஆய்வகங்களிலும், வேளாண் அறிவியல் நிலையங்களிலும் இது நடக்கிறது. அறிக்கையில் பி.எச். எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், 'சுண்ணாம்பு நிலை' என்ற வரியையும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனையும் (ஈசி) படிக்க வேண்டும். என்னைக் கேட்டால் மூன்றில் முக்கியமானது சுண்ணாம்பு நிலைதான். சுண்ணாம்பில்லாத 7.8 மண்ணைத் திருத்திவிடலாம். சுண்ணாம்பு மிகுந்த 7.8 மண் திருந்தாது.

கந்தகத்தூள் போட்டு மண்ணை அமிலமாக்கலாம் என்கிறார்களே, அது போதாதா?

சுண்ணாம்பு இல்லாத செம்மண்ணில் போதும். மண்ணில் உள்ள ஒருவகை பாக்டீரியாக்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும், சில மாதங்கள் பொறுமையும் வேண்டும். மணற்பாங்கான மண்ணில் பி.எச். அளவு ஒரு புள்ளி குறைய, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 முதல் 50 கிராம் தேவைப்படும். களி கூடினால் 100 கிராமுக்கு மேல் போகும்.

சுண்ணாம்பு உள்ள மண்ணில் கணக்கு வேறு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை உள்ள மண்ணின் எடை சுமார் 200 கிலோ. அதில் 5 விழுக்காடு சுண்ணாம்பு என்றால் 10 கிலோ சுண்ணாம்பு. 100 கிராம் சுண்ணாம்பைக் கரைக்க 32 கிராம் கந்தகம் வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. ஆக, 10 கிலோவைக் கரைக்க 3.2 கிலோ கந்தகம். இவ்வளவையும் கொட்டி முடித்தால்தான் மண் நடுநிலையிலிருந்து கீழே இறங்கவே தொடங்கும். அதற்குள் 17 கிலோ ஜிப்சம் அந்த ஒரு சதுர மீட்டரில் உருவாகியிருக்கும். அடியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் புதிய சுண்ணாம்பு வந்துகொண்டும் இருக்கும். கந்தகம் விற்பவருக்கு இதில் நன்மை உண்டு, செடிக்கு இல்லை.

அப்படியானால் பாத்தியை எப்படி அமைப்பது?

நிலத்தோடு போராடாமல், நிலத்துக்கு மேலே ஒரு தனி மண்ணை உருவாக்கிக்கொள்வதுதான் கொங்குச் சமவெளிக்கு ஏற்ற வழி. குழி தோண்டி நல்ல மண் நிரப்பும் முறையை இங்கு நான் பரிந்துரைப்பதில்லை. சுற்றியுள்ள சுண்ணாம்பு நீர் முழுவதும் அந்தக் குழிக்குள்ளேயே வந்து இறங்கும்.

3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம் என்று ஒரு மேட்டுப்பாத்தியை எடுத்துக்கொள்வோம். கரையைக் கருங்கல்லை அடுக்கியோ மரப்பலகையாலோ கட்டலாம். சிமெண்ட் பூச்சும், ஹாலோ பிளாக் கல்லும் வேண்டாம். அவற்றிலிருந்து கசியும் சுண்ணாம்பு வேரைத் தேடி வரும். முன்பே கட்டிய சிமெண்ட் தொட்டிதான் இருக்கிறது என்றால், உட்புறம் கனமான பாலித்தீன் விரிப்பைப் பொருத்திக்கொள்ளுங்கள். அடியில் களைத்தடுப்பு விரிப்பு ஒன்றைப் போட வேண்டும். நீர் வடியும், ஆனால் கீழ்மண் மேலே கலக்காது. வடிகாலுக்கு என்று ஜல்லி கொட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

இந்தப் பாத்தியின் கொள்ளளவு சுமார் 2,000 லிட்டர். அதில் பாதி தென்னை நார்க்கழிவு, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுண்ணாம்பில்லாத செம்மண், மீதி நன்கு மட்கிய இலைமக்கு. செம்மண்ணை எங்கிருந்து கொண்டுவந்தாலும் லாரியிலிருந்து இறக்குவதற்கு முன்பே வினிகர் சோதனையைச் செய்துவிடுங்கள். காட்டு மண்ணை அள்ளி வருவது சட்டப்படி குற்றம். அதற்குத் தேவையும் இல்லை. சவுக்குத் தோப்புகளில் உதிர்ந்து கிடக்கும் சருகும், கடலைத் தொலியும் மேல்மூடாக்குக்கு மிகப் பொருத்தமானவை. கலவை தயாரானதும் பி.எச். பார்த்து, 6-க்கு மேல் இருந்தால் அப்போது கந்தகத்தைச் சிறிதளவு கலந்து, நீர் தெளித்து, இரண்டு மாதம் ஆறவிட்டு நடுங்கள். சுண்ணாம்பில்லாத கலவை என்பதால் கந்தகம் இங்கே சொன்ன பேச்சைக் கேட்கும்.

நார்க்கழிவை அப்படியே போடலாமா?

கூடாது. பொள்ளாச்சி சுற்றுவட்டார நார் ஆலைகளில் இது மலிவாகக் கிடைக்கிறது என்பது நமக்கு வாய்த்த வசதி. ஆனால் புதிய கழிவில் உப்பு மிகுதி. 'லோ ஈசி', அதாவது உப்பு குறைந்தது, என்று கேட்டு வாங்க வேண்டும். கட்டியாக வாங்கினால் 5 கிலோக் கட்டி ஒன்று ஊறி 60 முதல் 75 லிட்டர் வரை விரியும். மேற்சொன்ன பாத்திக்கு 15 கட்டிகள் அளவில் தேவைப்படும். எந்த வகையானாலும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்து, மீண்டும் இருமுறை அலசிய பின் பயன்படுத்துங்கள்.

பாத்தியை வீட்டின் எந்தப் பக்கத்தில் வைப்பது?

கிழக்குப் பக்கம். காலை வெயில் கிடைக்க வேண்டும். பிற்பகல் வெயிலை வீடே மறைக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் 50 விழுக்காடு நிழல்வலை கட்டலாம்.

வெயிலுக்கு அடுத்தபடியாகக் காற்றையும் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, பொள்ளாச்சி முதல் பல்லடம் வரை காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, இந்தச் செடிகளின் மெல்லிய இலைகளை ஓரம் கருகச் செய்துவிடும். மேற்கே ஒரு சுவரோ அடர்ந்த வேலியோ இருப்பது நல்லது. சுவர் என்றால் வெள்ளையடித்த சுவரின் அடியில் பாத்தியை ஒட்டி வைக்காமல் இரண்டடி தள்ளி வையுங்கள். மழையில் கரைந்து வரும் சுண்ணாம்பு அங்கேதான் இறங்கும்.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

பாத்தி பிழைப்பதும் சாவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அருமையாக மண் கலந்து, விலை கொடுத்துச் செடி வாங்கி நட்டவர்களும் இங்கேதான் தோற்கிறார்கள். நாம் சப்பைத் தண்ணீர் என்று ஒதுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சொட்டுநீர்க் குழாயின் வாயை அடைக்கும் வெள்ளைப் பொருக்கும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவும் அதுவேதான். ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் பாத்திக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருக்கிறோம் என்று பொருள். ஓராண்டில் 5.5 கலவை 7-ஐத் தாண்டிவிடுவது இதனால்தான்.

மழைநீரே முதல் தெரிவு. கோவைச் சமவெளியின் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 100 சதுர மீட்டர் மொட்டைமாடியிலிருந்து வீணாவது போக 48,000 லிட்டர் சேர்க்கலாம். நம் பாத்தியின் பரப்பு 4.5 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 22 லிட்டர் போதும். தை முதல் வைகாசி வரை 150 நாள் என்றால் 3,300 லிட்டர். ஆக, ஒரு 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வடகிழக்குப் பருவமழையில் நிறைந்துவிட்டால் கோடை முழுவதும் கவலை இல்லை. புதிய சிமெண்ட் தொட்டியில் சேர்த்தால் அந்த மழைநீரும் காரமாகிவிடும் என்பதால் பிளாஸ்டிக் என்று குறிப்பிட்டேன்.

மழைநீர் தீர்ந்தால் அடுத்தது குழாயில் வரும் நல்ல தண்ணீர். சிறுவாணி நீர் கிடைக்கும் வீடுகள் இவ்வகையில் கொடுத்துவைத்தவை; அதன் கடினத்தன்மை மிகக் குறைவு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையும் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது. உப்பும் சுண்ணாம்பும் அதில்தான் திரண்டிருக்கும்.

போர் தண்ணீரைத் தவிர வேறு இல்லை என்ற நிலையில் சிட்ரிக் அமிலம் கைகொடுக்கும். 10 லிட்டர் நீருக்கு 2 கிராமில் தொடங்கி, கலக்கி, பி.எச். தாளில் பார்த்து, 6-க்கு அருகில் வரும் வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அந்த அளவைக் குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த முறை சோதனை தேவையில்லை. இது பைகார்பனேட்டை மட்டுமே நீக்கும், உப்பை நீக்காது. நொய்யல் கரையில் சாயக்கழிவு இறங்கிய கிணறுகளின் நீருக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

புளித்த மோர், காப்பித்தூள் சக்கை, அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு ஆகியவற்றைப் போடலாமா?

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இந்தக் கேள்வி எழுகிறது. மோரில் உள்ள அமிலம் மிகக் குறைவு. நுண்ணுயிர்கள் அதை விரைவில் தின்று தீர்த்துவிடும். கெடுதல் இல்லை, ஆனால் பி.எச். அளவை அது நகர்த்தாது. காப்பிச் சக்கையில் அமிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே டிகாஷனில் இறங்கிவிட்டது. மக்குக் குழியில் போடுங்கள். சாம்பலும் முட்டை ஓடும் காரப் பொருள்கள். இந்தப் பாத்தியின் பக்கமே வரக்கூடாது. ஆட்டுப்புழுக்கையும் காரத்தின் பக்கம் சாய்வது என்பதால் அதையும் வேறு செடிகளுக்குக் கொடுங்கள்.

சமவெளிப் பாத்தியில் எந்தெந்தச் செடிகளை எப்படி அமைக்கலாம்?

மேற்சொன்ன பாத்திக்கு ஒரு வரைவைச் சொல்கிறேன். பின்புறம் நடுவில் ஒரு கார்டீனியா. அதன் மணம் மாலையில் திண்ணை வரை வரும். இருபுறமும் முக்கால் மீட்டர் இடைவெளியில் இட்லிப்பூச் செடிகள் மூன்று. குட்டை ரகமாக இருந்தால் நடு வரிசைக்கு வந்துவிடலாம். நிழல் கூடுதலாக விழும் முனையில் இரண்டு ஹைட்ரேஞ்சியாக்கள், அவற்றின் காலடியில் பெரணிகளும் கலேடியமும். முன் விளிம்பில் கூஃபியாவை ஒரு முழ இடைவெளியில் வரிசையாக நட்டால் ஹெதர் பாத்தியின் சாயல் கிடைத்துவிடும்.

அசேலியாவை இந்தப் பாத்தியில் நிரந்தரமாக நடுவதைவிட, தொட்டியோடு புதைத்து வைத்துக் கோடையில் எடுத்து ஆழ்ந்த நிழலுக்கு மாற்றுவது மேல். கமேலியாவும் புளூபெர்ரியும் சமவெளியில் பணத்தைக் கரைப்பவை. புளூபெர்ரியின் பெரும்பாலான ரகங்களுக்குப் பூக்கக் குளிர் வேண்டும்.

புதுத் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. என்ன செய்வது?

இட்லிப்பூவில் இதை அடிக்கடி பார்க்கலாம். முதிர்ந்த இலை பச்சையாகவே இருக்க, நுனித் தளிர் எலுமிச்சை நிறமாகி, அதில் நரம்புகள் பச்சை வலையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல, பி.எச். உயர்ந்ததும் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடுவதால் வேருக்கு எட்டுவதில்லை. உடனடி நிவாரணமாக லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். மண்ணில் இடுவதானால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பைக் கேளுங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணில் நிலைக்காது. எப்சம் உப்பு மக்னீசியக் குறைபாட்டுக்கு உரியது, இதற்கு அல்ல. தெளிப்பால் தளிர் பச்சையானாலும் தண்ணீரைச் சரிசெய்யாதவரை நோய் திரும்ப வரும்.

என்ன உரம் கொடுப்பது?

குறைவாக. இந்தச் செடிகளின் வேர்கள் மயிரிழை போன்றவை, மேற்பரப்பிலேயே படர்பவை. உரம் மிகுந்தால் கருகும். அம்மோனியம் சல்பேட் மண்ணை அமிலத்தின் பக்கம் இழுக்கும் என்பதால் பொருத்தம்; சதுர மீட்டருக்கு 15 கிராம், மழைக்காலத்தில் இருமுறை போதும். கால்சியம் நைட்ரேட் வேண்டாம். வேர் மேலே இருப்பதால் கொத்திக் களையெடுக்காமல் கையால் பிடுங்குங்கள்.

ஹைட்ரேஞ்சியா உதகையில் நீலமாகப் பூக்கிறது, எங்கள் வீட்டில் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. ஏன்?

நிறத்தைத் தீர்மானிப்பது அலுமினியம். 5.5-க்குக் கீழே அது கரைந்து பூவுக்குப் போய் நீலம் தருகிறது, 6.5-க்கு மேலே மண்ணில் அடைபட்டுவிடுவதால் பூ இளஞ்சிவப்பாகிறது. பாத்தி சரியான பி.எச். அளவில் இருக்கும்போது, மொட்டு வருவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்து அலுமினியம் அடங்கிய படிகாரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றிப் பார்க்கலாம். வெள்ளை ரகம் எதற்கும் மாறாது. ஆகவே இந்தச் செடியின் பூவை, விலையில்லாத பி.எச். மானியாக வைத்துக்கொள்ளலாம்.

வால்பாறை, கோத்தகிரி, ஏற்காடு போன்ற மலைப்பகுதியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

மேலே சொன்ன சிரமங்களில் பாதி உங்களுக்கு இல்லை. மழை மிகுந்த மலைச் சரிவுகளில் சுண்ணாம்பு கரைந்து போய்விட்டதால் மண் இயல்பிலேயே அமிலம். தேயிலை வளரும் இடமெல்லாம் அசேலியாவும் கமேலியாவும் வளரும். 1874-இல் தொடங்கிய குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு ஒரு முறை போய்வந்தால் எது எவ்வளவு பெரிதாகும் என்று கண்ணால் கண்டுகொள்ளலாம்.

ஹெதரின் குடும்பமே நீலகிரியில் இயற்கையாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சோலை ஓரங்களில் சிவந்து பூக்கும் காட்டுப் பூவரசு ஒரு ரோடோடென்ட்ரான்; உதகைக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் தரும் கால்தீரியாவும் அக்குடும்பமே. காட்டிலிருந்து பிடுங்காமல், நர்சரியில் வளர்த்த நாற்றுக் கிடைத்தால் மட்டும் வையுங்கள்.

உண்மையான எரிகாவை முயல விரும்புவோருக்கு உதகை, கோத்தகிரி உயரம் ஏற்றது. அங்கே பகை வெயில் அல்ல, தேங்கும் ஈரம். தென்மேற்குப் பருவமழையை தொட்டபெட்டா ஓரளவு மறைத்துவிடுவதால் கோத்தகிரிப் பக்கம் வாய்ப்பு சற்று அதிகம். சரிவில், மணல் கலந்த மண்ணில், நாள் முழுவதும் வெயில் படும்படி நட்டு, பூ முடிந்ததும் பச்சைத் தண்டளவில் லேசாகக் கத்தரியுங்கள். பழைய மரத்தண்டு வரை வெட்டினால் மீண்டும் துளிர்க்காது.

எப்போது நடுவது?

சமவெளியில் வைகாசியில் பாத்தி கட்டி, கலவையை ஆறவிட்டு, ஆடிக்காற்று ஓய்ந்தபின் புரட்டாசிக் கடைசியில் நடலாம். ஐப்பசி மழை வேர்பிடிக்க வைத்துவிடும்.

ஒருமுறை அமைத்தால் பாத்தி எத்தனை காலம் தாங்கும்?

நார்க்கழிவு மட்கி மட்கி மேல்மட்டம் ஆண்டுதோறும் இறங்கும். மாசி மாதத்தில் இறங்கிய அளவுக்கு இலைமக்கும் நார்க்கழிவும் மேலே இட்டு, சருகு மூடாக்கை விரலளவுக்குக் குறையாமல் புதுப்பியுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். அதே மாதத்தில் இரண்டு மூலைகளிலும் நடுவிலும் மண் எடுத்து பி.எச். பாருங்கள். நடுவைவிட மூலைகளில் கூடுதலாக இருந்தால் கரையிலிருந்து சுண்ணாம்பு கசிகிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கூடியிருந்தால் காரணம் தண்ணீர்.